பொய்நரி நின்ற மேடு

தை 29. பேசா நாள் 10.

மேற்குத் தெக்சாசு. மகள் எழினியின் வீடு. நேற்றுப் பிற்பகல் வந்து சேர்ந்தேன்.

என் குரல்நாணில் இருந்த முடிச்சைச் சென்னையில் வெட்டியெடுத்துப் பத்து நாள் ஆகிறது. நாற்பத்திரண்டு நாள் ஒரு சொல்லும் கூடாது, முணுமுணுப்பு அதைவிடக் கேடு, இருமலைக்கூட விழுங்கிவிடுங்கள் என்றார் மருத்துவர். மீறினால் என்ன ஆகும் என்று எழுதிக் கேட்டேன். "வீட்டுக்குள்ள பேசிக்கலாம் சார். மேடைய மறந்துடணும்" என்றார். நாற்பத்தோராண்டு மேடையில் நின்ற ஒருவனிடம், எழுதுகோலின் மூடியைத் திருகிக்கொண்டே அவரால் இதைச் சொல்ல முடிந்தது.

பங்குனி இருபதாம் நாள் தஞ்சையில் எங்கள் இயக்கத்தின் மாநாடு. நிறைவுரை என்னுடையது. பேசா நாள் பங்குனி 2இல் முடிகிறது. அதன்பின் குரலைப் பழக்கப் பதினெட்டு நாள். போதும்.

எழினி என்னைக் கடத்திக்கொண்டு வந்தாள் என்றே சொல்ல வேண்டும். "அங்க இருந்தீங்கன்னா தெருமுனையில நாலு பேரு நின்னாலே உங்களுக்கு வாய் ஊறும்ப்பா" என்றாள். இங்கே தெருமுனையே இல்லை. அடுத்த வீடு மூன்று கல் தொலைவு. எங்கு நோக்கினும் காய்ந்த புல், முள்வேலி, வானத்தை அறுத்துக்கொண்டு சுழலும் காற்றாலைகள்.

மருகர் அந்தக் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்ப்பவர். ஆரல்வாய்மொழிக்காரர், அங்கே கற்ற தொழில் இங்கே சோறு போடுகிறது. வீட்டின் பின்புறம் இருபத்து மூன்று ஆடுகளும் ஒன்பது குட்டிகளும் வளர்க்கிறார். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் முன்பாதியும் பின்பாதியும் வடமொழி. அதை நான் சொல்வதில்லை. பொருள் பெயர்த்து வழிபாட்டரிமா என்றே ஒன்பதாண்டாக அழைத்து வருகிறேன். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறார்.

"வாருங்க மாமா. ஒங்களுக்கு இது தோதான எடமாக்கும். வாயத் தொறந்தாலும் கேக்கதுக்கு ஆளு கெடயாது" என்று வரவேற்றார்.

கழுத்தில் தொங்கும் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினேன்: ஆடுகள் உள்ளன.

"ஆடுவ கைதட்டாது மாமா."

மாசி 1. பேசா நாள் 11.

காலையில் ஆடுகளின் முன் சிறிது நேரம் நின்றேன். மருகர் சொன்னது சரி.

மாசி 3. பேசா நாள் 13.

இரண்டு குட்டிகளைக் காணவில்லை. வேலியின் அடியில் பறித்த குழி. அருகே ஒரு சிறிய குளம்பு. எழினி அதைத் தாளில் பொதிந்து எடுத்துச் சென்றாள். மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை செய்பவள், குருதிக்கு அஞ்சாதவள். இருந்தும் திரும்பி வந்தபோது மூக்குச் சிவந்திருந்தது.

குட்டிகளைத் தூக்கிச் சென்ற விலங்கு நம் நரியினும் பெரியது, ஓநாயினும் சிறியது. கொயோட்டி என்கிறார்கள். புல்வெளி நரி என்று எழுதிக் காட்டினேன். "ஆளக் கோட்டி புடிக்க வைக்குத சாதி மாமா. ஒரு பேரு வச்சாலும் ஒம்பது பேரு வச்சாலும் குட்டி போனது போனதுதான்" என்றார் மருகர். கோட்டி என்றால் அவர் ஊர்ப் பேச்சில் பித்து. இனி வேட்டைதான் என்றும் சொன்னார்.

பிற்பகல் கொட்டகையில் கருவிகளை எடுத்து வைத்தார். துப்பாக்கியைக் கண்டதும் அதற்குத் துமுக்கி எனும் சொல் இருப்பதை எழுதிக் காட்டினேன். "அதுவும் சுடுமா மாமா?" என்று கேட்டார்.

அடுத்துக் கையடக்கமான ஓர் ஒலிபெருக்கி. அடிபட்ட முயலின் அலறல், ஆட்டுக்குட்டியின் கதறல், நரியின் ஊளை எல்லாம் அதனுள் பதிந்திருக்கின்றன, தொலைவிலிருந்தே இயக்கலாம். வேட்டைக்காரர் அதன் அருகே அமர்வதில்லை. அறுபது அடி தள்ளி அதை வைத்து, அதன் பக்கத்தில் ஒரு பொய்யுருவையும் நிறுத்துவார். அலறல் கேட்டு வரும் நரி, அலறுவது எது எனக் கண்ணால் தேடும். தேடும் கண்ணுக்கு ஏதேனும் ஒன்று கிடைத்துவிட்டால் அது வேறெங்கும் பார்க்காது. கிடைக்காவிட்டால் வேட்டைக்காரரைப் பார்த்துவிடும்.

பொய்யுரு மூன்று இருந்தன. முழு உருவில் ஒரு நெகிழி முயல். மின்கலத்தால் துடிக்கும் ஒரு மயிர்வால். ஒரு குச்சியின் நுனியில் நூலில் கட்டிய வான்கோழி இறகு; காற்று அடித்தால் சுழலும், அவ்வளவே. மருகர் இறகை எடுத்தார்.

நான் எழுதினேன்: சிறிது. எவர் கண்ணிலும் படாது. முயலே தகும்.

"மாமா, மொசலு அசையாதே."

கூட்டத்தைச் சேர்ப்பதில் எனக்கு நாற்பதாண்டுப் பட்டறிவு உண்டு என்று எழுதினேன். மருகர் தலையைச் சொறிந்துகொண்டு முயலை எடுத்து வண்டியில் வைத்தார்.

மாசி 5. பேசா நாள் 15.

விடியலில் சென்றோம். குளிர் காதுக்குள் ஊசியாய் இறங்கியது. காற்று எங்கிருந்து வருகிறது என்பதை மருகர் ஒரு துளி மாவைத் தூவிப் பார்த்தார். நரி ஒருபோதும் நேரே வராது. காற்று வீசிப்போகும் புறமாக வளைந்து சென்று, மோந்து பார்த்த பின்னரே நெருங்கும். அந்த வளைவு எங்கே விழும் எனக் கணித்து அதற்கு முன் அமர வேண்டும். எனக்கு இட்ட கட்டளை இரண்டு: அசையக்கூடாது, பேசக்கூடாது. இரண்டாவதில் நான் அவரைவிடத் தேர்ந்தவன் ஆகிவிட்டேன்.

முயல் அலறியது. கால் மணி நேரத்தில் ஒரு நரி வந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த மென்மயிர், நீண்ட கால். நின்று நெகிழி முயலைப் பார்த்தது. முயல் உயிர் போவதுபோல் அலறிக்கொண்டே சிலைபோல் அமர்ந்திருந்தது. நரி தலையைச் சாய்த்து மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, யாரோ தெரியாதவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல் மெல்லத் திரும்பிச் சென்றது.

வீட்டில் எழினி கேட்டதற்கு மருகர், "மொசலு நல்லாத்தான் பேசிச்சு. ஆனா கையக் கால ஆட்டல்ல" என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி 8. பேசா நாள் 18.

மாவட்டச் செயலாளர் சீராளன் தொலைபேசினார். நான் பேச இயலாது என அறிந்தவர். ஆம் எனில் ஒரு தட்டு, இல்லை எனில் இரண்டு தட்டு என ஏற்பாடு.

"அண்ணே, சுவரொட்டி அடிச்சாச்சு. 'மீண்டும் முழங்குகிறது' அப்படின்னு பெருசா போட்டிருக்கோம். சரிங்களாண்ணே?"

ஒரு தட்டு.

"பந்தல் போன வாட்டியவிடப் பெருசுண்ணே. கடைசி வரிசைல நிக்கிறவனுக்கும் உங்க தொண்ட கேக்கணும். கேக்கும்ல?"

ஒரு தட்டு. சற்று வலுவாகவே தட்டினேன்.

மாசி 11. பேசா நாள் 21.

இன்று இறகு.

குச்சியை மண்ணில் ஊன்றிவிட்டு வந்து அமர்ந்தோம். காற்று ஓயும்போது இறகு தொங்கியது, வீசும்போது சிறிது சுழன்றது. புல்லுக்குள் ஏதோ ஒன்று இறந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை போலும். நரி வந்தது. அதன் கண் இறகை விட்டு அகலவேயில்லை. எங்களுக்கு நாற்பது அடி முன்னால் பக்கம் காட்டி நின்றது. ஒரே வெடி.

அருகே சென்றபோது மருகர் தொப்பியைக் கழற்றி, கண்மூடிச் சில சொற்கள் சொன்னார். வேண்டுதல் என்று உதட்டசைவில் அறிந்தேன். பிறகு நரியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "இது சின்னப் பய மாமா. குழி பறிச்ச ஆளு இவன் இல்ல. பழைய சோடி ஒண்ணு கெடக்கு. அதுவ எறவுக்கெல்லாம் வராது. நெறய வேட்டைய பாத்த சாதி."

பிற்பகல் தோலை உரித்து உப்பிட்டுப் பலகையில் விரித்து அறைந்தார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்கு நோய், அவருக்கு அப்படியொன்றும் இல்லை. இருந்தும் அந்த ஒரு மணி நேரம் இடர்ப்பாடாக இல்லை என்பதைக் குறித்து வைக்கிறேன்.

மாசி 12. பேசா நாள் 22.

இன்னொரு குட்டி போயிற்று. மீதம் ஆறு.

மாசி 15. பேசா நாள் 25.

இது நரிகள் இணை சேரும் காலம். இப்போது அவை இரையைக் காட்டிலும் எல்லையைக் காக்கும். அயல் நரி ஒன்று தம் நிலத்தில் நின்று ஊளையிட்டால் பழைய சோடி பொறுக்காது, வந்தே தீரும் என்று மருகர் சொன்னார். எனவே நரிக்கு நரியே பொய்யுரு.

கடையில் விற்பவற்றின் படங்களைக் காட்டினார். நெகிழிப் பலகையில் அச்சிட்ட தட்டை நரிகள். திரையரங்க வாயிலில் நிறுத்தும் அட்டை வீரர்கள் இதனினும் மேல். என்னால் செய்ய முடியும் என்று எழுதினேன்.

அவர் நம்பவில்லை. பேச்சாளன் ஆகுமுன் நான் இயக்கத்தில் என்ன பணி செய்தேன் என்பதை எழினி அவருக்குச் சொன்னாள். போராட்டந்தோறும் எரிப்பதற்கு வேண்டிய வைக்கோல் உருவங்களைச் செய்து தந்தவன் நான். ஈராண்டில் முப்பதுக்கு மேல். அமைச்சர்களின் மூக்கு வரை அச்சாக இருக்கும். எரிக்க மனம் வராமல் ஒருமுறை காவலரே பிடுங்கிக்கொண்டு போய் நிலையத்தில் வைத்திருந்தார்.

"அப்பம் இதயும் கடைசீல கொளுத்திப் போடுவியளா மாமா?"

கம்பி, வைக்கோல், சணல், உரித்த தோல். இன்று எலும்புக்கூடு முடிந்தது.

மாசி 18. பேசா நாள் 28.

பொய்நரி முடிந்தது. ஒரு முன்கால் சற்றுத் தூக்கி, காது முன்மடங்கி, கழுத்து திரும்பி நிற்கிறது. கண்ணுக்குக் கறுப்புக் குண்டுமணி. எழினி வாயிலில் அதைக் கண்டு தட்டைக் கீழே போட்டாள். மருகர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எம்மா! நானே சுட்டுருவேன் போலிருக்கே" என்றார். நாற்பதாண்டில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதையும் சேர்க்கலாம்.

பிறகு பையிலிருந்து ஒரு செம்மஞ்சள் துணியை எடுத்து அதன் முதுகில் கட்டினார். வேலிக்கு அப்பால் செம்மறி வளர்க்கும் வேய்ன் எனும் முதியவரும் குட்டிகளை இழந்திருக்கிறார். இருவருக்கும் ஓர் உடன்பாடு: நரியைக் கண்டால் எவர் நிலத்தில் நின்றாலும் சுடலாம், செம்மஞ்சள் நிறம் கண்டால் சுடக்கூடாது. "நரிக்கு இந்த நெறம் தெரியாது மாமா. மனுசனுக்குத் தெரியும். அதுக்காக்கும் இது." தமக்கென்று அதே நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பியும் வைத்திருக்கிறார்.

அந்தத் துணி முதுகுக் கோட்டை முற்றிலும் மறைத்துவிட்டது. மயிரோட்டம் தெரியவில்லை. திருவிழாவில் சட்டை போட்ட நாய்போல் இருந்தது.

இரவு உணவின்போது எழினி, "அவங்க அம்மா போன் பண்ணாங்கப்பா. உங்களக் கேட்டாங்க" என்றாள். மருகர் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டச் சென்றிருந்தார்.

"உங்களுக்குத் தெரியாது. கல்யாணத்தன்னைக்கு நீங்க மைக்க புடிச்சி மாப்பிள்ளை பேர மாத்திச் சொன்னீங்கல்ல. முன் வரிசைல உக்காந்திருந்த அத்தை பக்கத்துல இருந்தவங்கள்ட்ட, 'இப்பம் யாருக்குக் கல்யாணம் நடக்கு?'ன்னு கேட்டாங்களாம்."

அன்று கைதட்டல் ஓய நேரமாயிற்று. எனக்கு அது மட்டுமே நினைவிருக்கிறது.

"அவருக்கு முன்னாடி ரெண்டு கொழந்த தங்கலப்பா. மூணாவதா இவரு பொறந்தப்ப நாப்பது நாள் உபவாசம் இருந்து வச்ச பேரு அது."

பொருள் பிழையன்று என எழுதிக் காட்டினேன்.

"பொருள் சரிதாம்ப்பா" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டாள். "ஆளு எங்க?"

மாசி 20. பேசா நாள் 30.

குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்தேன். வலது காதில் வெள்ளைப் பொட்டுள்ள குட்டி என் விரலைச் சப்புகிறது.

மாசி 23. பேசா நாள் 33.

பொய்நரியை மேட்டில் நிறுத்திப் பழக்கினோம். ஒன்றும் வரவில்லை. வண்டியில் ஏற்றும்போது செம்மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். வேட்டையின்போது கட்டிக்கொள்ளலாம்.

மாசி 25. பேசா நாள் 35.

நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

கதிர் எழுமுன் மேட்டில் பொய்நரியை நான் நிறுத்தினேன். ஒலிபெருக்கியை மருகர் அதன் காலடியில் வைத்தார். அரைவெளிச்சம். துணி இல்லை என்பதை அவர் அப்போது காணவில்லை. என் பையில் அது இருந்தது. கட்டவில்லை. வானத்தின் எதிரில் அந்த முதுகு அவ்வளவு ஒழுங்காகத் தெரிந்தது.

எண்பது அடி தள்ளி, சரிவில் ஒரு பாறையின் ஓரம் அமர்ந்தோம். காற்று கடுமையாக இருந்தது. என் காது சிவந்ததைப் பார்த்து மருகர் தம் செம்மஞ்சள் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டினார். "நமக்கு இது பழக்கம் மாமா. மேல ஏறினா இதவிட அடிக்கும்" என்று காதருகே சொன்னார்.

ஊளை ஒலித்தது. நின்றது. மீண்டும் ஒலித்தது. இருபது மணித்துளி ஒன்றும் அசையவில்லை. வெளிச்சம் ஏறியது. மருகர் மேட்டைப் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. துமுக்கியை என்னருகே சாய்த்து வைத்துவிட்டு, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, குனிந்தபடி மேட்டை நோக்கிச் சென்றார். பொய்நரியின் பின்னால் மண்டியிட்டதும் புல் அவரை மறைத்துவிட்டது. அவர் மேற்சட்டை பழுப்பு நிறம்.

நான் தொலைநோக்கியில் சோடியைத் தேடிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் ஒரு சரக்குந்து நிற்பது தெரிந்தது. அதன் முகப்பில் முழங்கையை ஊன்றி வேய்ன் நின்றிருந்தார். எங்கள் ஊளையைக் கேட்டு வந்திருக்கிறார். நரி வரவில்லை, மனிதர் வந்துவிட்டார். அவர் கன்னம் துமுக்கியில் படிந்திருந்தது. குழல் மேட்டை நோக்கியிருந்தது. அவருக்கும் மருகருக்கும் நடுவில் என் பொய்நரி, ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு.

பலகை என் கழுத்தில் தொங்கியது.

"ஜெபசிங்! படு!"

நாற்பத்தோராண்டில் ஒலிபெருக்கி இன்றி என் குரல் அவ்வளவு தொலைவு சென்றதில்லை. புல் ஒரு முறை அசைந்து படிந்தது. வெடி கேட்டது. பொய்நரியின் கழுத்திலிருந்து வைக்கோல் பறந்தது.

பிறகு நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை என்றே நினைவு. மருகர் சொல்கிறபடி பார்த்தால் அது ஐந்து நொடிகூட இருந்திராது. புல்லிலிருந்து ஒரு கை எழுந்தது. அதில் ஒரு செம்மஞ்சள் துணி இருந்தது. வீட்டிலிருந்து எடுத்து வந்த வேறொரு துணி. கட்டுவதற்காகவே போயிருக்கிறார்.

வேய்ன் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். எழுபது அகவை அவருக்கு. மருகரின் தோளையும் தலையையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு மண்ணில் அமர்ந்து இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மருகர் அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். மீண்டும் அழைக்க வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. நாவில் உப்புச் சுவை.

மாசி 26. பேசா நாள்

எண்ணிக்கை இட வந்தேன். இனி எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

காலையில் மருகர் ஆட்டுக்கொட்டகையில் வேலியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். பலகையில் எழுதிச் சென்று காட்டினேன்: துணியைக் கழற்றியவன் நான்.

படித்தார். உள்ளங்கையால் அழித்தார்.

"தெரியும் மாமா. வெளிச்சம் வந்ததும் பாத்தேன். இந்த மனுசன் அழகக் கெடுக்க வுட மாட்டாருன்னு நெனச்சிட்டுத்தான் இன்னொண்ணு பையில வச்சிருந்தேன். ஒங்கள்ட்ட கேட்டுட்டுப் போயிருக்கணும். இல்லன்னா அந்தத் தொப்பியையாவது வாங்கிருக்கணும். தப்பு எம்மேலயும் உண்டு."

இல்லை என்று தலையசைத்தேன். அவர் கம்பியை முறுக்கிக்கொண்டே சிரித்தார்.

"ஒண்ணு சொல்லட்டா? நல்லகாலம் நீங்க அந்த நீளப் பேரச் சொல்லல்ல. அதச் சொல்லி முடிக்கதுக்குள்ள குண்டு வந்து சேந்திருக்கும்."

நானும் சிரித்தேன். ஓசை வரவில்லை. அப்படியே வேலித்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கம்பியைக் கீழே போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, கொரலு போச்சா?" என்றார். விளையாட்டுப் பேச்சு அதில் இல்லை.

மாசி 28.

நகரத்து மருத்துவர் குழாயை மூக்கின் வழி இறக்கித் திரையில் காட்டினார். ஆறிக்கொண்டிருந்த இடம் கிழிந்திருக்கிறது. மீண்டும் ஆறும், தழும்போடு ஆறும். மூன்று நாள் கழித்து நாளுக்குப் பத்து மணித்துளி மெல்லப் பேசலாம். ஓர் அறையில் இருப்பவர்க்குக் கேட்கும் குரல் வரும். திடலுக்கு வராது. எழினி இதை எனக்குத் தமிழில் சொல்லும்போது "திடல்" எனும் சொல்லுக்கு முன் சற்று நின்றாள்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஓட்டும் வளையத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "அப்பா, நீங்க கத்தலைன்னா…" என்று தொடங்கினாள். அவள் தோளில் கை வைத்தேன். பலகையை எடுக்கவில்லை.

மாசி 30.

வேய்ன் ஒரு கழுதையைக் கொண்டுவந்து விட்டுச் சென்றார். விலை பேச மறுத்துவிட்டார். ஆடுகளோடு வளரும் கழுதை புல்வெளி நரியைக் கண்டால் கதறி, துரத்தி, மிதித்துவிடுமாம். இந்நாட்டில் பலர் அப்படிக் காவல் வைக்கிறார்கள். பொய்யுருவும் வேண்டாம், துமுக்கியும் வேண்டாம்.

மாலையில் அது முதன்முறையாகக் குரல் எடுத்தது. காற்றாலைகள் வரை கேட்டிருக்கும். ஆடுகள் அனைத்தும் தலை தூக்கி அதையே பார்த்தன.

"நிறைவுரைக்கு ஆளு கெடச்சாச்சு மாமா" என்றார் மருகர். சொன்ன பின் நாக்கைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கைதட்டினேன்.

பங்குனி 1.

கழுதையின் முதல் காவல் இரவு கழிந்தது, குட்டிகள் ஆறும் இருக்கின்றன. பொய்நரியைப் பிரித்தேன். தோலை எழினி கேட்டாள், கொடுத்தேன். வைக்கோல் கழுதைக்கு.

பங்குனி 2.

நாற்பத்திரண்டாம் நாளாக இருந்திருக்க வேண்டிய நாள்.

காலையில் சீராளன் அழைத்தார். "அண்ணே! இன்னையோட முடியுதுல்ல? ஒரே ஒரு சொல்லு சொல்லுங்கண்ணே, ஒலிபெருக்கில வச்சிருக்கேன், தோழர்கள் எல்லாம் சுத்தி நிக்கறாங்க!"

அவர்கள் மூச்சு விடுவது கேட்டது. தொலைபேசியில் இருமுறை தட்டினேன்.

"ரெண்டு தட்டாண்ணே? ஒரு தட்டுதானே?"

மீண்டும் இருமுறை தட்டினேன். அவர் ஒலிபெருக்கியை நிறுத்தும் ஓசை கேட்டது. "எழுதி அனுப்புங்கண்ணே, நான் படிக்கறேன்" என்றார், வேறு குரலில். நல்ல பிள்ளை. எழுதி அனுப்புவேன்.

இன்று எனக்கு அளந்துவிட்ட பத்து மணித்துளி அப்படியே இருந்தது. எழினியிடம் எண்ணை வாங்கி ஆரல்வாய்மொழிக்கு அழைத்தேன். அங்கே மாலை. எங்கோ கோயில் மணி ஒலித்தது. மருகர் கொட்டகையில் இருந்தார், அவரிடம் சொல்லவில்லை.

"அலோ, யாரு?" என்றார் அந்த அம்மையார்.

என் குரலை நானே முதன்முறையாகக் கேட்டேன். மணலில் இழுத்த தகரம்போல் இருந்தது.

"சத்தமே ஒடஞ்சுல்லா கேக்கு. யாருன்னு தெரியல்லியே. ஆரு பேசுகது?"

"ஜெபசிங்கோட மாமனார், அம்மா."

கோயில் மணி ஓய்ந்தது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தொலைபேசியைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"இன்னொரு மட்டம் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.